ஒரே மாணவிக்கு மூன்று சான்றிதழ்: சமத்துவம் நம்மில் எதைப் பார்க்கிறது?

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு ஒரு மாணவி இ-சேவை மையத்துக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் சாதி மாநிலப் பட்டியல், மத்தியப் பட்டியல் இரண்டிலும் பிற்படுத்தப்பட்டதாக இருக்கிறது. அவளுக்கு மூன்று தாள்கள் வேண்டும்.

மாநிலக் கல்லூரிகளுக்குச் சாதிச் சான்றிதழ். அதில் அப்பா என்ன சம்பாதிக்கிறார் என்ற பேச்சே வராது. ஐஐடி போன்ற மத்திய நிறுவனங்களுக்கு ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ். அவள் குடும்பம் 'கிரீமி லேயரில்', அதாவது அந்த வகுப்பின் வசதியான மேல்தட்டில், வரவில்லை என்று தாசில்தார் அதில் சான்று தர வேண்டும். போன வருடம் வாங்கியதை நீட்டினால் ஏற்க மாட்டார்கள். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், பொறியியல் போன்ற படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகைக்கு முதல் பட்டதாரி சான்றிதழ்.

மூன்றும் சமத்துவத்தின் பெயரால் தரப்படும் தாள்கள்தான். ஆனால் மூன்றும் கேட்பது ஒரே கேள்வி இல்லை. நீ எந்தச் சாதி? அந்தச் சாதிக்குள் உன் வீடு எந்த உயரத்தில் இருக்கிறது? உன் வீட்டில் உனக்கு முன்னால் யார் படித்தது?

2024 ஆகஸ்ட் 1 அன்று பட்டியலினத்தவருக்குள் உள் ஒதுக்கீடு தரலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததிலிருந்து பலருக்கும் ஒரு குழப்பம்: 'அப்படியானால் எஸ்சி பிரிவுக்கும் கிரீமி லேயர் வந்துவிட்டதா?' நேரான பதில், இல்லை. ஆனால் இந்தக் கேள்வி ஏன் திரும்பத் திரும்ப முளைக்கிறது என்று பார்த்தால், நவீன அரசியல் தத்துவம் இருநூறு வருடங்களாக மல்லுக்கட்டும் ஒரு சிக்கலில் போய் நிற்போம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

'சமத்துவம்' என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு விஷயங்களைச் சொல்கிறோம்.

1. எல்லாருக்கும் ஒரே விதி. ஆள் யார் என்று பார்க்காதே.

2. எல்லாரையும் சமமானவராக மதித்து நடத்துவது. அதற்கு ஆள் யார் என்று பார்த்தே ஆக வேண்டும்.

இந்த வேறுபாட்டை 1970களில் தெளிவாக்கியவர் ரொனால்ட் டுவார்க்கின் என்ற சட்டத் தத்துவ அறிஞர். அவர் சொன்ன உதாரணம் எளிமையானது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நோய். ஒரு பிள்ளைக்கு உயிர் போகும் நிலை, இன்னொன்றுக்கு லேசான உபாதை. மருந்து ஒரு வேளைக்குத்தான் மிச்சம். அப்போது பெற்றவர் பூவா தலையா போட்டு மருந்தைக் கொடுத்தால், விதி இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் இரண்டு பிள்ளைகள் மேலும் சம அக்கறை வைத்ததாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

'தனிமனிதர்' என்ற சொல்லிலும் இப்படி ஒரு இரட்டை இருக்கிறது. ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1917இல் இதை எடுத்துக்காட்டினார். பதினெட்டாம் நூற்றாண்டு போற்றிய தனிமனிதர், எல்லாரையும் போல ஒருவர். தலையை எண்ணினால் ஒன்று, அவ்வளவுதான். தேவாலயம், தொழிற்குழு, பிறப்பு வழி வந்த அந்தஸ்து என எல்லாக் கட்டுகளையும் அறுத்துவிட்டால் மிஞ்சுவது அந்தப் பொது மனிதர். பத்தொன்பதாம் நூற்றாண்டு கொண்டாடியவரோ வேறு யாரைப் போலவும் இல்லாத ஒருவர். அவருடைய மதிப்பே அவர் மற்றவர்களிடமிருந்து வேறுபடுவதில் இருக்கிறது.

முதல் வகைத் தனிமனிதருக்கும் முதல் வகைச் சமத்துவத்துக்கும் சண்டையே கிடையாது. 1789 பிரெஞ்சு உரிமைப் பிரகடனத்தில் இரண்டும் கைகோத்துத்தான் வருகின்றன. 'சமத்துவமா, தனித்தன்மையா' என்று தலைப்பு வைத்துப் பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்த நான்கையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுகிறார்கள். உரசல் தொடங்குவது இரண்டாவது வகைத் தனிமனிதர் உள்ளே நுழையும்போதுதான்.

மில்லின் செருப்பு, மார்க்ஸின் கூலி

1831இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கப் போன பிரெஞ்சுக்காரர் அலெக்ஸி தொக்வில், அங்கிருந்த சம நிலையைக் கண்டு வியந்தார், கூடவே பயந்தார். எல்லாரும் சமம் என்றானதும் எல்லாரும் ஒரே மாதிரி யோசிக்கத் தொடங்குகிறார்கள், பெரும்பான்மையின் கருத்துக்கு எதிராக நிற்க யாருக்கும் துணிச்சல் வருவதில்லை என்று அவருக்குப் பட்டது. அந்தப் பயத்தை வாங்கிக்கொண்டு 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில், தனித்தன்மை ஏன் காப்பாற்றப்பட வேண்டும் என்று ஒரு முழு அத்தியாயம் எழுதினார். ஒரு மனிதருக்குச் சட்டையோ செருப்போ பொருந்த வேண்டுமென்றால் அளவெடுத்துத் தைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு கிடங்கு நிறைய இருப்பதில் தேடி எடுக்க வேண்டும். வாழ்க்கையை மட்டும் ஒரே அளவில் எப்படிப் பொருத்துவது என்பது அவர் வாதம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே செருப்பு வாதத்தை எதிர்த் திசையிலிருந்து வைத்தவர் கார்ல் மார்க்ஸ். 1875இல் ஜெர்மன் சோசலிஸ்டுகளின் கட்சித் திட்டத்தை விமர்சிக்கும்போது அவர் ஒரு கணக்கைப் போட்டார். இரண்டு தொழிலாளிகள், ஒரே அளவு உழைப்பு, ஒரே கூலி. ஒருவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இன்னொருவருக்கு வீடு நிறையப் பிள்ளைகள். கூலி சமம்தான், ஆனால் மாதக் கடைசியில் ஒருவர் பணக்காரர், ஒருவர் ஏழை. சம உரிமை என்பது மனிதர்களை ஒரே ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிறது. இங்கே தொழிலாளி என்ற பக்கம், மற்றதெல்லாம் மறைவு. இந்தக் குறை நீங்க வேண்டுமானால் உரிமை சமமாக இல்லாமல் ஏற்றத்தாழ்வாக இருக்க வேண்டும் என்று முடித்தார். சமத்துவத்தின் பெரிய வழக்கறிஞர் என்று நாம் நினைப்பவர், தனி ஆளின் வித்தியாசத்துக்காகச் சம உரிமையைக் குறை சொன்ன இடம் இது.

இருபதாம் நூற்றாண்டின் பெரிய விவாதத்தையும் இங்கேயே சுருக்கமாக முடித்துவிடலாம். மொத்த நன்மையைக் கூட்டிப் பார்க்கும் பயன்வாதம் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை மதிப்பதில்லை என்று 1971இல் ஜான் ரால்ஸ் குற்றம் சாட்டினார். பிறவித் திறமை யாரும் சம்பாதித்தது அல்ல, ஆகவே அதன் பலனில் பின்தங்கியவருக்கும் பங்கு வேண்டும் என்றும் சொன்னார். 1974இல் ராபர்ட் நோசிக் அதே குற்றச்சாட்டை ரால்ஸ் மீதே திருப்பினார்: ஒருவரின் திறமையைக் கழற்றி எடுத்துப் பொதுச் சொத்தாக்கிவிட்டால் 'ஒருவர்' என்று அப்புறம் யார் மிஞ்சுவார்? இரு தரப்பும் தனிமனிதரின் பெயராலேயே வாதாடின. அவரிடத்தில் எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் பிரிந்தன.

1951: பதினான்கு இடங்கள்

நூல்களில் இருந்த இந்தச் சிக்கல் சென்னையில் நீதிமன்றத்துக்கு வந்தது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை, நீதிக் கட்சி காலத்திலிருந்து பல வடிவங்களில் நடப்பில் இருந்தது. கடைசி வடிவத்தின்படி கல்லூரியின் ஒவ்வொரு 14 இடங்களும் இப்படிப் பிரிந்தன: பிராமணர் அல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர்கள் 2, அரிஜனங்கள் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்கள் 1.

இன்றைய இட ஒதுக்கீட்டிலிருந்து இது ஒரு முக்கியமான விதத்தில் மாறுபட்டது. இதில் 'பொதுப்பிரிவு' என்று ஒன்று கிடையாது. எல்லாருக்கும் ஒரு பெட்டி உண்டு. பெட்டிக்கு வெளியே ஒருவரும் இல்லை. பிராமணர்களுக்கான 2 இடம் என்பது நூற்றுக்கு 14. மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 3 சதவீதம். ஆகவே கணக்கு அவர்களுக்குக் குறைத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மனுதாரர்கள் கேட்டது அந்தக் கணக்கையே அல்ல.

மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பிய சம்பகம் துரைராஜனும், பொறியியல் படிக்க விரும்பிய இன்னொரு மாணவரும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த மாணவரின் மதிப்பெண் 450க்கு 369. சம்பகம் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்துப் பார்த்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததால் நேராக நீதிமன்றம் வந்ததாகச் சொன்னார். உயர் நீதிமன்றத்தில் தோற்ற மாகாண அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போக, 1951 ஏப்ரல் 9 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு அரசாணை செல்லாது என்றது.

தீர்ப்பின் உயிர்நாடி ஒரு வாக்கியம். அரசு நடத்தும் கல்லூரியில் இடம் கேட்கும் உரிமை, ஒருவருக்குக் குடிமகன் என்ற முறையில் தனிநபராக இருக்கும் உரிமை. ஏதோ ஒரு சமூகத்தின் உறுப்பினர் என்ற முறையில் வருவதல்ல. அரசமைப்பின் 29(2) பிரிவு அப்படித்தான் சொல்கிறது என்றார்கள் நீதிபதிகள். சிம்மல் சொன்ன பதினெட்டாம் நூற்றாண்டுத் தனிமனிதர் அச்சு அசலாக வந்து நிற்கிறார்: சாதி இல்லை, அப்பா இல்லை, ஊர் இல்லை, 369 மட்டும் உண்டு.

சரி, அந்த 369 எங்கிருந்து வந்தது? தலைமுறை தலைமுறையாக எழுத்தறிவு இருந்த வீட்டிலிருந்தா, அப்பா கைநாட்டு வைக்கும் வீட்டிலிருந்தா? அதைக் கேட்க இந்தக் கண்ணாடியில் இடமில்லை. பெரியார் தலைமையில் மாகாணத்தில் கிளம்பிய எதிர்ப்பு இந்தக் கேள்வியைத்தான் தெருவுக்குக் கொண்டுவந்தது. ஜூன் 1951இல் முதல் அரசமைப்புத் திருத்தம் வந்தது. பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) பிரிவு சேர்ந்தது. அதில் வரும் சொல் 'வகுப்பினர்'. இரண்டே மாதத்தில் எண்ணும் அலகு மாறிவிட்டது.

அந்தத் திருத்தம் வந்தபோது சட்ட அமைச்சர் அம்பேத்கர். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், வரைவு அரசமைப்பு கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் மகிழ்ச்சி என்று சொன்னவரும் அவரேதான். இது முரண் போலத் தெரியும். எனக்கு அப்படிப்படவில்லை. கிராமத்தில் மனிதரை விழுங்கியிருந்தது சாதி. விழுங்கப்பட்டவரை வெளியே எடுக்க, எது விழுங்கியது என்ற பெயரைச் சட்டம் உச்சரித்துத்தான் ஆக வேண்டும். அடுத்த ஆண்டு, 1949 நவம்பர் 25 உரையில் அவர் இரு பக்கத்தையும் சேர்த்தே சொன்னார்: சமத்துவம் இல்லாத சுதந்திரம் சிலரைப் பலர் மேல் ஏற்றிவிடும்; சுதந்திரம் இல்லாத சமத்துவம் தனிமனித முனைப்பைக் கொன்றுவிடும்.

ஒன்பதாயிரம் ரூபாய்

வகுப்பை அலகாக்கியதும் அடுத்த கேள்வி வந்தது. வகுப்புக்குள் எல்லாரும் ஒன்றா?

தமிழ்நாடு இதை நீதிமன்றம் சொல்லும் முன்பே சோதித்துப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டது. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் பிற்படுத்தப்பட்டோர் சலுகை கிடையாது என்று ஆணை போட்டது. ஏழைக்குத்தானே போக வேண்டும் என்ற நியாயம் கேட்க நன்றாகவே இருந்தது. எதிர்ப்பு மூன்று விதமாக வந்தது.

1. மாதத்துக்கு 750 ரூபாய் என்பது பணக்காரரின் வருமானம் இல்லை. சாதாரணக் குமாஸ்தா வீடுகூட வெளியே போய்விடும்.

2. போட்டிக்குத் தயாராகும் அளவுக்குக் கொஞ்சமாவது மேலே வந்த வீட்டுப் பிள்ளையை நீக்கிவிட்டு, அடிமட்டத்தில் உள்ள பிள்ளையை மட்டும் வைத்தால், இடம் நிரம்பாமல் மேல்சாதிக்குப் போகும்.

3. ஒதுக்கீடு வறுமை ஒழிப்புத் திட்டம் அல்ல. சாதி ஒருவரைத் தடுத்த இடத்தில் அந்தச் சாதிக்குப் பங்கு கொடுப்பது. அலுவலகத்தில் நம் ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பதே வெளியே நிற்பவனுக்குப் பலன்.

மூன்றாவதுதான் தத்துவக் கனம் உள்ளது. அதன்படி, இடம் தனிநபருக்குத் தரப்படும் உதவி அல்ல, வகுப்புக்குத் தரப்படும் பிரதிநிதித்துவம். பிரதிநிதி ஏழையாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லையே. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அதிமுக 39 தொகுதிகளில் 2ஐ மட்டும் பிடித்தது. தோல்விக்கு இந்த ஆணையும் ஒரு காரணம் என்று பரவலாகக் கருதப்பட்டது. வருமான வரம்பு போனது, கூடவே பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31இலிருந்து 50 சதவீதமாக ஏறியது.

டெல்லி எதிர்ப்பக்கம் நடந்தது. 1992 நவம்பர் 16 அன்று மண்டல் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, மத்திய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீத ஒதுக்கீட்டை ஏற்று, ஆனால் வகுப்பின் மேல்தட்டை நீக்கச் சொன்னது. அந்த மேல்தட்டுக்குத்தான் கிரீமி லேயர் என்று பெயர். சொல் 1970களின் இன்னொரு வழக்கிலிருந்து வந்தது. 2017 முதல் வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். இதைச் சம்பள வரம்பு என்று நினைத்துக்கொள்பவர்கள் அதிகம். பெற்றோர் அரசு ஊழியராக இருந்தால் சம்பளத்தைக் கூட்டிப் பார்ப்பதில்லை, பதவியின் நிலையைப் பார்க்கிறார்கள்; விவசாய வருமானமும் கணக்கில் வராது. அதாவது பணத்தை அளப்பதுபோலத் தெரிந்தாலும் அளக்க நினைப்பது சமூக உயரத்தை.

தமிழ்நாடு தன் பட்டியலில் இதை ஏற்கவில்லை. 1994இல் மொத்தம் 69 சதவீத ஒதுக்கீட்டுக்குச் சட்டம் போட்டு, சட்டங்களுக்கு நீதிமன்றத்திலிருந்து பாதுகாப்பு தருவதற்கென்று உள்ள அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையிலும் சேர்க்க வைத்தது. நம் மாணவி ஒரே சாதிக்கு இரண்டு தாள் வாங்கும் காரணம் இதுதான். ஒன்று வகுப்பைப் பார்க்கிறது. மற்றது வகுப்புக்குள் புகுந்து வீட்டைப் பார்க்கிறது.

2024 தீர்ப்பு: இரண்டு தனி விஷயங்கள்

இப்போது ஆரம்பக் குழப்பத்துக்கு வரலாம்.

1. உள் ஒதுக்கீடு. பட்டியலினத்துக்குள் மேலும் பின்தங்கிய சாதிகளுக்குத் தனிப்பங்கு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று ஏழு பேரில் ஆறு நீதிபதிகள் சொன்னார்கள். 2004இல் வந்த எதிர்த் தீர்ப்பு ரத்தானது. தமிழ்நாட்டில் 2009 முதல் இருக்கும் அருந்ததியர் 3 சதவீதத்துக்கு இதனால் பலம் வந்தது. பெரிய குழு சிறிய குழுக்களாகிறது, ஆனால் குழு குழுவாகவே இருக்கிறது.

2. கிரீமி லேயர். அமர்வில் நான்கு நீதிபதிகள், பட்டியலினத்திலும் பழங்குடியினரிலும் மேல்தட்டை நீக்க வேண்டும் என்று கருத்துச் சொன்னார்கள். வழக்கு அதைப் பற்றியது அல்ல. சில நாளில் மத்திய அமைச்சரவை, அரசமைப்பில் அப்படி ஏற்பாடு இல்லை என்று அறிவித்தது. இன்று எஸ்சி சான்றிதழில் வருமானக் கட்டம் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

முதலாவது 'எந்தக் குழு' என்ற கேள்வி. இரண்டாவது 'குழுவா, ஆளா' என்ற கேள்வி. இரண்டாவதற்கு எதிரான வாதம் கனமானது: வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் பட்டியலின மருத்துவரிடம் வீட்டுக்காரர் வருமானச் சான்றிதழா கேட்கிறார்? இழிவு குழுவின் பெயரில் வரும்போது நிவாரணத்தை மட்டும் ஆளைப் பார்த்துத் தருவது எப்படி? மறுபக்கமும் லேசானதல்ல. உயர் அதிகாரியின் மகனும் துப்புரவுத் தொழிலாளியின் மகனும் ஒரே பட்டியலில் ஒரே இடத்துக்கு மோதினால் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே தெரியும். அந்த இரண்டாவது பையனைக் குழு என்ற சொல் மறைத்துவிடுகிறது. என் பார்வையில், இழிவுக்கான நிவாரணத்தையும் வாய்ப்புக்கான நிவாரணத்தையும் ஒரே கதவு வழியாகத் தள்ளுவதால்தான் இந்த நெரிசல்.

ஆளைப் பார்க்கும் கண் யாருடையது?

'அப்படியானால் சாதியும் வேண்டாம், வரம்பும் வேண்டாம், ஒவ்வொருவரையும் முழுசாகத் தெரிந்துகொண்டு இடம் கொடுங்கள்' என்று தோன்றலாம். மில்லின் அளவெடுத்த செருப்பு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகச் சேர்க்கை வழக்கில் ஏறக்குறைய இதையே சொன்னது: மாணவரைத் தனி ஆளாக, அவருடைய அனுபவங்களை வைத்துப் பாருங்கள், இனத்தை வைத்து அல்ல, இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று அவர் கட்டுரையில் எழுதினால் அதைப் படிக்கலாம்.

ஆனால் அளவெடுப்பவர் ஒருவர் வேண்டுமே. அதே ஹார்வர்டில் 1920களில் யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க நினைத்தபோது பயன்பட்ட கருவி 'குணநலன்' மதிப்பீடு. மதிப்பெண்ணில் தள்ள முடியாதவரை ஆளுமையில் தள்ளலாம்.

நம் நாட்டிலும் ஒரு காட்சி உண்டு. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 மதிப்பெண். 1980இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் வெளியானது என்ன? சராசரியாக ஒரு மாணவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் நேர்காணல். கேட்கப்பட்டவை பெரும்பாலும் இரண்டு விஷயம்: அப்பா யார், ஊர் எது. மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைத் தீர்மானித்த அறையில் ஆளை அறிந்துகொள்ள நடந்தது அவ்வளவே. நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் வைப்பது தன்னிச்சையானது என்று நீதிமன்றம் வரம்பு போட்டது.

குருட்டு விதிக்கு இருக்கும் பெரிய நன்மை இங்கே புரியும். அது ஆளைப் பார்க்காது. ஆகவே ஆளை ஒதுக்கவும் அதற்குத் தெரியாது. ஆளைப் பார்க்கும் முறை எவ்வளவு நுட்பமாகிறதோ அந்த அளவுக்கு நாற்காலியில் இருப்பவரின் கை ஓங்கும். அதனால்தான் அரசுகள் நடுவழியைத் தேடுகின்றன: அதிகாரியின் மனம் தேவைப்படாத, ஆனால் சாதியைவிட நெருக்கமான ஏதோ ஒரு உண்மை. அரசுப் பள்ளியில் படித்தாரா? 2020இல் வந்த 7.5 சதவீத மருத்துவ உள் ஒதுக்கீடு இந்த வகை. வீட்டில் முதல் பட்டதாரியா? மூன்றாவது தாள் இந்த வகை. அதில் சாதி ஒரு பொருட்டில்லை.

ஆளுக்கு மிக அருகில் போவது இந்த மூன்றாவது தாள்தான். ஆனால் அதுவும் மார்க்ஸ் சொன்னபடி ஒரு பக்கத்திலிருந்துதான் பார்க்கிறது. நம் மாணவியின் தம்பி மூன்று வருடம் கழித்து அதே இ-சேவை மையத்துக்குப் போவான். அதே வீடு, அதே அப்பா, அதே வருமானம். சாதிச் சான்றிதழ் கிடைக்கும், ஓபிசி சான்றிதழும் கிடைக்கும். மூன்றாவதற்கு மனு போட்டால் நிராகரிப்பார்கள். அக்கா ஏற்கெனவே அந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருக்கிறாள்.